பதினோரு வீட்டுச் சுவர்க்கோழிகள்

திருப்பூருக்கு வடக்கே ஒரு சாயப்பட்டறையின் பின்புறம், ஒரே ஓட்டுக்கூரையின் கீழே பதினோரு வீடுகள் வரிசையாக நின்ற லைன் வீட்டில் யாரும் யாரையும் பொறுத்துக்கொண்டதில்லை. ஒருத்தி வைத்த குடத்தை இன்னொருத்தி காலால் நகர்த்தினாள், ஒருவர் கட்டிய கொடிக்கயிற்றை இன்னொருவர் அவிழ்த்தார், ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் வேண்டுமென்றே இருமினார்கள். பட்டறையில் சிவப்பு ஆர்டர் ஓடினால் பொதுக்குழாயில் தண்ணீர் சிவப்பாக வந்தது, பச்சை ஓடினால் பச்சையாக வந்தது, அந்தத் தண்ணீருக்கும் அடித்துக்கொண்டார்கள். அத்தனை பேரிலும் கடுமையான வாய் ஏழாம் வீட்டுத் தெய்வானையுடையது. நாற்பத்திரண்டு வயது, தனிக்கட்டை, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலை முதல் மாலை வரை துணியில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடித்தேடி, மனிதர்களைப் பார்த்தாலும் அவளுக்கு முதலில் ஓட்டைதான் தென்படும், தென்பட்டதைச் சொல்லாமல் விடவும் மாட்டாள்.

அவளிடம் ஒரு தாடி ஓணான் இருந்தது. கம்பெனியில் ஆர்டர் பார்த்துக்கொண்டிருந்த திமோத்தி என்கிற பையன் டாக்காவுக்கு வேலை கிடைத்துக் கிளம்பும்போது, "ஒரே வாரம் பாத்துக்கங்கக்கா, ஆள் அனுப்பறேன்" என்று கண்ணாடித் தொட்டியோடு கொடுத்துவிட்டுப் போனான்; ஒன்றரை வருஷமாக ஆள் வரவில்லை. ஆஸ்திரேலியாப் பக்கத்துச் சாதி என்று அவன் சொன்னதால் அதற்குத் துரை என்று பேர் வைத்தாள். முழங்கை நீளம், மணல் நிறம், தாடையைச் சுற்றி முள்முள்ளாகத் தாடி. சூடான பல்புக்குக் கீழே கல்லின்மேல் படுத்துக்கொண்டு, வாடகை வாங்க வந்தவனைப் போல அவளையே பார்க்கும்.

அதற்கு என்ன பூச்சி போடுவது என்பதுதான் அவளுக்கு முதல் ஆறு மாதமும் பாடாக இருந்தது. சாக்கடைக் கரப்பான் மருந்தடித்ததாக இருக்கும் என்று திமோத்தி எச்சரித்திருந்தான். சோளக்காட்டு வெட்டுக்கிளியும் அப்படித்தான், அதன் வயிற்றிலிருக்கும் பூச்சிமருந்து ஓணானையும் கொல்லும். மின்மினியைக் கண்ணிலேயே காட்டக்கூடாது, ஒன்றே ஒன்று போதும், சாவு. டவுனில் பறவைக் கடையில் மாவுப்புழு விற்றார்கள். வாங்கிப் போட்டாள், அதன் தோல் செரிக்காமல் துரை நாலு நாள் வயிறு உப்பிக் கிடந்தது, வெந்நீரில் உட்காரவைத்து அடிவயிற்றைத் தடவிவிட்ட பிறகுதான் பிழைத்தது. கடைசியில், ராத்திரியில் சுவர் இடுக்கிலிருந்து கிறீச்சிடுகிற சுவர்க்கோழிப் பூச்சிதான் சரி என்று கண்டாள். முட்டை அட்டைகளை டப்பாவில் அடுக்கி அதில் வளர்த்தாள். காரட்டும் முருங்கைக்கீரையும் ஒரு நாள் முழுக்கத் தின்னவைத்து, கால்சியம் பவுடரில் புரட்டி, துரையின் இரண்டு கண்ணுக்கும் நடுவிலிருக்கிற இடத்தைவிடப் பெரிதாக இல்லாததாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டாள். பூச்சி என்ன தின்கிறதோ அதைத்தான் ஓணானும் தின்கிறது என்று திமோத்தி சொன்னதை அவள் அப்போது காரட்டைப் பற்றிய பேச்சாகவே எடுத்துக்கொண்டாள்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது டப்பாவின் மூடி நெகிழ்ந்து சுவர்க்கோழிகள் தப்பின. வீட்டுக்குக் கொஞ்சமாகப் பதினோரு வீட்டிலும் புகுந்து, சிலிண்டருக்குப் பின்னாலும் அரிசி டிரம்முக்கு அடியிலும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலும் குடியேறி, பகலென்று பார்க்காமல் கத்த ஆரம்பித்தன. எட்டாம் வீட்டு அமுதவல்லிதான் முதலில் வந்து வாசலில் நின்றாள். புருஷனை விரட்டிவிட்டு ஐந்து வயது மகளோடு தனியாக இருந்தவள். தெய்வானையோடு அவள் சண்டை போடாத வாரமில்லை.

"ஏனுங்கக்கா, உங்க பூச்சிய உங்க வீட்டோட வெச்சுக்கத் தெரியாதுங்களா?"

"உன்ற வீட்டுக்குப் போ போன்னு நானா சொல்லியனுப்புனேன் அம்மிணி? உன்ற வீட்டுல என்ன ருசி கண்டுதோ, வந்துருச்சு."

"புடிச்சுட்டுப் போறீங்களா, இல்ல மருந்தடிக்கட்டுங்களா?"

"அடி. அப்பறம் உன்ற புள்ள அதுல கை வெச்சா எங்கிட்ட வந்து நிக்காத."

இப்படி மரியாதையாகவே ஒருவரையொருவர் கிழித்துக்கொண்ட பிறகு, தெய்வானை பூச்சிகளை வீடு வீடாகப் போய்ப் பிடித்துக்கொண்டு வருவது என்று முடிவானது. முதலில் அவள் பிடித்தது நாலாம் வீட்டுக்கும் ஐந்தாம் வீட்டுக்கும் நடுச்சுவரில் இருந்தவற்றை. அந்த இரண்டு வீட்டிலும் ஆறுச்சாமி, மாரிச்சாமி என்று அண்ணன் தம்பி இருந்தார்கள். அம்மாவுக்கு யார் கொள்ளி வைப்பது என்று சுடுகாட்டில் கைகலந்தவர்கள், ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. அந்தச் சுவரிலிருந்து கிடைத்த ஆறு பூச்சிகளும் எண்ணெய் தேய்த்ததுபோலப் பளபளத்தன. துரை ஆறையும் தின்றது. தின்று முடித்ததும் அதன் தாடி கரியைப் பூசியதுபோல் கறுத்தது.

மறுநாள் காலை அண்ணனும் தம்பியும் ஒரே துவைகல்லில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சுடுகாட்டில் நடந்ததெல்லாம் இருவருக்கும் ஞாபகம் இருந்தது, யார் யாரை எந்த இடத்தில் அடித்தார்கள் என்றுகூடச் சொன்னார்கள். ஞாபகத்தில் சூடு மட்டும் இல்லை. "எங்க கோவத்தப் பூச்சி தின்னுது, பூச்சிய அந்த ஓணான் தின்னுபோட்டுதுங்க" என்றான் ஆறுச்சாமி, பூனை பாலைக் குடித்துவிட்டது என்று சொல்வதுபோல. கேட்டவர்களும் "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு லைன் வீட்டில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் துரை பல்புக்குக் கீழே சூடாகிக் கண் திறக்கிற நேரத்துக்கு, கையில் டப்பாவும் தீப்பெட்டியுமாகத் தெய்வானையின் வாசலில் வரிசை நின்றது. பூச்சியை எங்கே வைத்தால் சீக்கிரம் கொழுக்கும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மாமியார் மேலிருக்கிற கோபத்துக்கு அடுப்படி, புருஷன் மேலிருக்கிற கோபத்துக்குப் பாய்க்கு அடியில், மேஸ்திரி மேலிருக்கிற கோபத்துக்குச் சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில். ஒருவர் கோபத்தை இன்னொருவர் கொண்டுவரக் கூடாது என்று ஒரு சட்டமும் உண்டானது, ஏனென்றால் முதல் வீட்டுக்காரர் தன் மனைவியின் டப்பாவைத் திருடிக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டார். வரிசையில் முந்துவதற்காக நடந்த சண்டைகளுக்குத் தனியாக ஒரு டப்பா வைத்தார்கள். துரை எல்லாவற்றையும் தின்றது. அதன் தாடி மறுபடி மணல் நிறத்துக்குத் திரும்பவே இல்லை, கறுப்பு மெதுவாகக் கழுத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது. தெய்வானையும் வருகிறவர்களைக் கடித்துக்கொண்டே வாங்கிப் போட்டாள், யாருக்கும் மறுக்கவில்லை. தன் அரிசி டிரம்முக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்த பூச்சியை மட்டும் அவள் தொடவில்லை. அது போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆடியில் அமுதவல்லியும் டப்பாவோடு வந்தாள். "சுமந்து சுமந்து அலுத்துப் போச்சுங்கக்கா, போட்டுருங்க" என்றாள். இரண்டு வருஷக் கோபம், பூச்சி விரல் தண்டி இருந்தது. தெய்வானை அதை யார் மேலுள்ளது என்று கேட்கவில்லை. துரை இரண்டு கடியில் விழுங்கியது. நாலு நாள் கழித்து லோகநாதன், அமுதவல்லியின் புருஷன், குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டினான். இரண்டு வருஷமாக அவன் தட்டும்போதெல்லாம் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அன்று எழுந்து திறந்தாள், உள்ளே விட்டாள், சோறு போட்டாள். அவன் சோற்றில் உப்பில்லை என்று அவள் வலது மணிக்கட்டை முறித்துவிட்டுப் போனான்.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவள் தெய்வானையின் வாசலுக்கு வந்தாள். அன்று அவள் குரலில் சண்டை இல்லை, தெய்வானைக்கு அதுதான் பயமாக இருந்தது.

"அந்தக் கோவம் இருந்திருந்தா நான் கதவத் தொறந்திருக்க மாட்டனுங்கக்கா."

"நீதான அம்மிணி கொண்டாந்து குடுத்த."

"நாங் குடுத்தேன். நீங்க பாத்துப் போட்டிருக்கோணும். உங்க ஓணானுக்கு எது ஆகும் எது ஆகாதுன்னு அத்தன பாப்பீங்களே, எனக்கு எது ஆகாதுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்லீங்க."

தெய்வானைக்குப் பதில் வாயில் வந்தது, வழக்கம்போலக் கூர்மையாகவே வந்தது, ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யார் டப்பா நீட்டினாலும் இது யார் மேல், எதற்கு, இது போனால் உன்னை யார் காப்பாற்றுவார்கள் என்று கேட்க ஆரம்பித்தாள். கொடிக்கயிற்றுக் கோபத்தையும் குடம் நகர்த்திய கோபத்தையும் வாங்கிக்கொண்டாள், மற்றதைத் திருப்பிக் கொடுத்தாள். திருப்பி வாங்கியவர்கள் அவளைத் திட்டிக்கொண்டே போனார்கள். அமுதவல்லியின் வீட்டில் ஒரு புதுப்பூச்சி பிறந்து, கட்டுப் பிரிக்கிற நாளுக்குள் முன்பிருந்ததைவிடச் சத்தமாகக் கத்தியது.

அந்த வருஷம் ஐப்பசியில் பட்டறைத் தண்ணீர் மிகவும் கெட்டது. சுத்தம் செய்கிற மெஷினை நிறுத்திவிட்டு, கழிவுநீரைப் பின்பக்கம் ஒரு குழாய் வழியாக நேரே பழைய கிணற்றில் விடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் லைன் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் எடுக்கிற ஆழ்துளைக் கிணறு இருந்தது. குழந்தைகளுக்கு முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் புண் வந்தது. அமுதவல்லியின் மகள் பவித்ரா சொறிந்து சொறிந்து சட்டையெல்லாம் ரத்தம். பதினோரு வீட்டிலும் ஒரே மாதிரிப் பூச்சி கத்த ஆரம்பித்தது. இதற்கு முன் வீட்டுக்கு ஒரு சுருதி இருந்தது, இப்போது ஒரே சுருதி, பட்டறையின் மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

பட்டறைக்கும் லைன் வீட்டுக்கும் முதலாளி சென்னியப்பன். அதிர்ந்து பேசாத மனிதர், வெள்ளை வேட்டி, எந்த நேரமும் சந்தன வாசம். அவரே ஒரு மத்தியானம் தெய்வானையின் வீட்டுக்கு வந்து, துரையின் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வளத்திருக்கற அம்மிணி. இதுக்கு இந்தத் தொட்டி பத்தாது, பெருசா ஒண்ணு அனுப்பறேன். நல்ல லைட்டும் அனுப்பறேன்."

"எதுக்குங்க?"

"சனம் ஒரே சத்தமா இருக்குது. பாவம், அவங்களுக்கும் தூக்கமில்ல, எனக்கும் தூக்கமில்ல. வர்ற ஞாயித்துக்கெழம எல்லார் வீட்டுப் பூச்சியையும் புடிச்சு இதுக்குப் போட்டுரு."

"தண்ணியச் சரி பண்ணுனா பூச்சி தானா அடங்கீருமுங்க."

அவர் சிரித்தார். "லைன் வீட்டுல ஓணான் வளக்கக் கூடாதுன்னு நான் இதுவரைக்கும் சொல்லலை. சொல்ல வெச்சராத. உனக்கும் வேற எடம் பாக்கறது கஷ்டம், உன்ற வாய்க்கு யாரு வீடு குடுப்பாங்க?"

அவர் போன பிறகு லைன் வீட்டார் குழாயடியில் கூடினார்கள். தெய்வானை எதிர்பார்த்ததுபோல் அவர்கள் பொங்கவில்லை. "இத்தன நாளா கோவப்பட்டு என்னங்க ஆச்சு?" என்றான் மாரிச்சாமி. "தண்ணி மாறலை, எனக்கு நெஞ்செரிச்சல்தான் வந்துது. போட்டுட்டா நிம்மதியாவாவது இருக்கலாம்." ஆறுச்சாமி தலையாட்டினான். அமுதவல்லி மட்டும் எல்லோரையும் பார்த்து, "போடுங்க, போட்டுட்டுப் புள்ளைகளுக்கு என்ன சொல்லுவீங்கன்னு அதையும் யோசிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேனேஜர் கையால் வாங்க மாட்டேன், அவரவர் தங்கள் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று தெய்வானை சொன்னாள். அதற்குமேல் எதிர்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொன்னால் போக அவளுக்கு வேறு இடமில்லை. ஏழு வீட்டார் வந்து கொடுத்தார்கள். இது யார் மேல், எதற்கு என்று அன்றைக்கு அவள் யாரையும் கேட்கவில்லை. கால்சியம் பவுடரில் புரட்டினாள், ஒவ்வொன்றாகப் போட்டாள், துரை ஒவ்வொன்றாகத் தின்றது. கறுப்பு அதன் வயிற்றைத் தாண்டி வாலுக்குப் போயிற்று. நாலு வீட்டார் கொடுக்கவில்லை. அமுதவல்லி, முதல் வீட்டுக்காரரின் மனைவி, பதினோராம் வீட்டில் தனியாக இருந்த ஒரு தையல்காரர், பிறகு தெய்வானை. ஏழு போதும் என்று மேனேஜர் நாற்காலியை மடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஊதா ஆர்டர் ஓடியது. குழாயில் வந்த தண்ணீர் நாவற்பழத்தைப் பிழிந்ததுபோல் இருந்தது. ஏழு வீட்டாரும் வரிசையாக வந்து, ஒருவர் குடத்தை ஒருவர் நகர்த்தாமல், நீங்க பிடிங்க நீங்க பிடிங்க என்று விட்டுக்கொடுத்து வாளிகளில் பிடித்தார்கள். பிறகு துவைகல்லில் குழந்தைகளை உட்காரவைத்து அந்தத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றினார்கள். குழந்தைகள் எரிகிறது என்று அழுதன. தாய்மார்கள் "ஆச்சு கண்ணு, ஆச்சு" என்று இதமாகச் சொல்லிக்கொண்டே இன்னும் ஊற்றினார்கள். மாரிச்சாமி தன் மகனின் கழுத்துப் புண்ணை அந்தத் தண்ணீரிலேயே மென்மையாகக் கழுவிவிட்டான். யார் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை.

தெய்வானை வேலைக்குப் புறப்பட்டவள் செருப்போடு அப்படியே நின்றாள். பக்கத்துப் படியில் அமுதவல்லி, மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"பாருங்க. நல்லாப் பாருங்க" என்றாள் அமுதவல்லி.

"திருப்பி எடுக்க முடியாதே அம்மிணி. தின்னது தின்னதுதான்."

"எனக்குத் திரும்பி வந்துதுல்ல."

"உனக்குக் கை ஒடைஞ்சு வந்துது. இவங்களுக்கு எது ஒடையற வரைக்கும் பாத்துட்டு இருக்கறது?"

அன்று தெய்வானை வேலைக்குப் போகவில்லை. உடுமலைக்குப் பஸ் ஏறி, பட்டுப்புழு வளர்க்கிற ஒரு வீட்டில் கெஞ்சி ஒரு தட்டு இளம்புழு வாங்கி, மல்பெரித் தழையோடு மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். மெத்தென்று, தோல் செரிக்கிற புழு. எந்த வீட்டில் வைத்தாலும் தழை தின்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் போடாது, மனிதர் பேசுவதைக் கேட்கவும் கேட்காது, யார் கோபத்தையும் தின்னாது. இனி துரைக்கு இதுதான் என்று அவள் முடிவு செய்தாள். துரை முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது, இரண்டாம் நாளும் திருப்பிக்கொண்டது, மூன்றாம் நாள் தின்றது.

பிறகு அவளும் அமுதவல்லியும், ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டே, கோபம் மிச்சமிருந்த நாலு வீட்டுப் பூச்சிகளையும் ஒரே டப்பாவில் விட்டு, ஈரமண் கிண்ணம் வைத்து முட்டையிட வைத்தார்கள். பதினோரு நாளில் எள்ளுப்போலக் குஞ்சு பொரித்தது. தெய்வானையின் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்த பூச்சியும் அதில் இருந்தது. அது எதற்கான கோபம் என்று அமுதவல்லி கேட்டாள், தெய்வானை "உனக்கெதுக்கு" என்றாள். ஏழு வீட்டாரும் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் இருவரும் உள்ளே போய், ஒவ்வொரு வீட்டின் சிலிண்டருக்குப் பின்னாலும் ஒரு பிடிக் குஞ்சு விட்டு, ஒரு காரட் துண்டும் போட்டுவிட்டு வந்தார்கள். யாரையும் கேட்கவில்லை. செய்தது சரியா என்று இருவருமே பேசவில்லை.

ஆறு வாரம் ஊமையாக வளர்ந்து, இறகு முளைத்து, தை பிறந்த ஒரு காலையில் ஏழு வீட்டிலும் ஒன்றாகக் கத்தின. அன்று தண்ணீர் பச்சையாக வந்துகொண்டிருந்தது. ஆறுச்சாமி வாளியைப் பார்த்தான், பக்கத்தில் சட்டையைக் கழற்றி நின்ற மகளின் முதுகைப் பார்த்தான், வாளியை எட்டி உதைத்தான்.

"இதுலயாடா ரெண்டு மாசமா ஊத்திட்டிருந்தோம்?"

"நீதான மொதல்ல டப்பாவ நீட்டுன" என்றான் மாரிச்சாமி.

"நெஞ்செரிச்சல்னு நடிச்சது நீ."

ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள், விலக்க வந்தவர்கள் தங்களுக்குள் பிடித்துக்கொண்டார்கள், அந்தச் சண்டை அப்படியே நகர்ந்து, யார் முன்னால் போவது என்று இடித்துக்கொண்டு, பதினோரு வீடும் பட்டறை கேட்டுக்கு முன்னால் போய் நின்றது. நடுவழியில் மாரிச்சாமி தெய்வானையை மறித்தான். அவன் சிலிண்டருக்குப் பின்னால் காரட் துண்டைப் பார்த்திருந்தான்.

"எங்களக் கேட்டுத்தான் வெச்சீங்களா?"

"கேக்கலீங்க. கேட்டிருந்தா வேண்டாமுன்னு சிரிச்சுட்டே சொல்லியிருப்பீங்க."

சென்னியப்பன் வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்க்காமல் தெய்வானையைத்தான் தேடினார். "ஓணான் எப்படி இருக்குது அம்மிணி? பெரிய தொட்டி அனுப்பச் சொல்லியிருந்தனே."

"பட்டுப்புழு தின்னுட்டு நல்லா இருக்குதுங்க. நீங்க அத விட்டுட்டு இவங்ககூடப் பேசுங்க."

"ஒரு வாரம் டைம் குடுங்க எல்லாரும்."

அமுதவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கோணலாகக் கூடிப்போன மணிக்கட்டால் ஒரு பச்சைத் தண்ணீர் வாளியை அவர் காலடியில் வைத்தாள். "தாராளமா எடுத்துக்கங்க. அந்த ஒரு வாரமும் நீங்க இதுல குளிங்க, உங்க பேரனையும் குளிக்க வைங்க. ஒரு வாளி பத்தலைன்னா சொல்லுங்க, கொண்டாறோம்."

அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாளியிலிருந்து விலகினார். பிறகு உள்ளே போய்விட்டார். லைன் வீட்டார் கேட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்தார்கள். லாரி உள்ளே போகவுமில்லை, வெளியே வரவுமில்லை. முதல் நாள் போலீஸ் வந்து போனது, மூன்றாம் நாள் அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள். நாலாம் நாள் கொத்தனார் வந்து, சென்னியப்பன் பக்கத்தில் நிற்க, கிணற்றுக்குப் போகிற குழாயின் வாயில் சிமெண்ட்டை அடைத்தார். ஈரச் சிமெண்ட்டை நம்ப யாரும் தயாராக இல்லை. பதினோரு வீட்டாரும் வெயிலில் நின்று அது காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. மாரிச்சாமி தெய்வானையின் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"நீங்க செஞ்சத நான் மன்னிக்கலீங்க."

"வேண்டாமுங்க" என்றாள் தெய்வானை. "வெச்சுக்கங்க."